காய்ச்சலும் கரையோரமும்: இலங்கையில் டெங்கு நோய் பரவிய வரலாறு

நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசர்தம் ஆட்சியையும் போர்களையும் உடன்படிக்கைகளையுமே எழுதிப் போந்தனர். மக்களை வாட்டிய நோய்கள் அவ்வேடுகளில் ஓரிரு வரிகளோடு அமைந்துவிட்டன. ஆயினும், 1934 ஆம் ஆண்டின் பிற்கூற்றிலே தொடங்கி 1935 ஆம் ஆண்டின் நடுக்கூறு வரை இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. எந்தப் படையெடுப்பும் இல்லாமலே, சில மாதங்களுள், ஒரு சிறு தீவில் நிகழ்ந்த அழிவு இது. ஒரு சமுதாயம் எங்கே குடியிருந்தது, எந்த நீரைப் பருகியது, எவ்வழியிற் போய்வந்தது என்பவற்றையெல்லாம் அதன் நோய்களின் வரலாறு காட்டிவிடும். ஆதலின் நோயின் வரலாறும் சரித்திரமேயாம்.

இலங்கையைப் பீடித்த கொள்ளைநோய்களுட் பெரும்பாலானவை நாடு முன்னேற முன்னேறப் பின்வாங்கின. வைசூரி ஒழிந்தது. வாந்திபேதி அருகியது. மலேரியாவும் ஈற்றில் இல்லாதொழிந்தது. டெங்குக் காய்ச்சல் ஒன்றே இந்நெறிக்கு மாறாக நின்றது. பட்டினங்கள் பெருத்தபோது அது பெருத்தது. வீதிகள் நீண்டபோது அதுவும் நீண்டு சென்றது. பின்தங்கிய நாட்டின் நோயென்று அதனைக் கூறுவது பொருந்தாது. முன்னேற விரைந்துகொண்டும், அம்முன்னேற்றத்துக்கு வேண்டிய ஒழுங்குகளை முற்றச் செய்துகொள்ளாமலும் இருக்கும் நாட்டின் நோய் அது. கல்முனைக் கரையோரத்தின் அண்மைக்கால வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

கரையும் பழைய நோய்களும்

மட்டக்களப்புக்குத் தெற்கே, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கடலோரமாய் நீண்டு கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளியும் நீர்நிலைகளும். இரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலேயே முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் பன்னெடுங்காலமாக அயலயலே வாழ்ந்து வருகின்றனர். முற்காலத்திற் கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று எனப் பெயர்பெற்ற இப்பகுதிகள் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. 1961 இல் அம்பாறை மாவட்டம் தோற்றுவிக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டன.

இக்கரையில் வாழ்ந்தோர் கொள்ளைநோயை அறியாதவரல்லர். மட்டக்களப்புத் தேசத்திலே கண்ணகி அம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் வைகாசியில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, வெம்மையாலும் வைசூரியாலும் மக்கள் உற்ற அச்சத்தின் நினைவைத் தாங்கி நிற்பது. காரைதீவுக் கோயிலின் குளிர்த்தி இன்றும் பெருந்திரளான மக்களை ஈர்க்கின்றது. வைசூரியோ அம்மைப்பாலின் ஆற்றலால் உலகெங்கும் ஒழிந்தது. 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அதனை அறிவித்தது. நோய் நீங்கியும் சடங்கு நிலைத்திருப்பது, மக்கள் தம் துன்பத்தை எளிதில் மறப்பதில்லை என்பதைக் காட்டுகின்றது.

மலேரியாவின் கதை வேறு. அந்நோயைச் சுமக்கும் அனோபிலிஸ் நுளம்பு ஆற்றுப் பள்ளங்களிலும் காட்டோர நீர்நிலைகளிலும் பெருகுவது. ஆதலின் நெருங்கிய கரையோர ஊர்களைக் காட்டிலும், மேற்கே வயற்புறத்து வாடிகளில் தங்கி வெள்ளாண்மை செய்தோரையும் காடு வெட்டச் சென்றோரையுமே அது மிகுதியும் பற்றியது. குளிர்காய்ச்சல் என்றாலே 'காட்டுப்பக்கத்து நோய்' என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றியிருந்தமைக்கு இதுவே காரணம்.

இரண்டாம் உலகப் போரின் முடிவிலே டி.டி.ரி. என்னும் மருந்து வந்தது. 1946 தொடக்கம் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. 1949 இற் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ்க் காடுகள் வயல்களாகவும் குடியேற்றங்களாகவும் மாறுதற்கு, அணைக்கட்டைப் போலவே இம்மருந்தும் துணைநின்றது எனலாம். 1963 இல் இலங்கை முழுவதிலும் பதினேழு பேருக்கே மலேரியா கண்டறியப்பட்டது. வெற்றி முற்றிற்று என எண்ணி விழிப்புத் தளர்ந்தமையால், 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் நோய் மீண்டெழுந்து ஐந்து இலட்சம் பேரளவிற் பீடித்தது. பின்னரும் பல்லாண்டு உழைத்தே, 2016 செப்தெம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை இலங்கை பெற்றது.

இவ்வெற்றியின் நினைவே டெங்கைப் பற்றிய பிழையான எண்ணத்துக்கும் வித்தாயிற்று. நுளம்பு தரும் ஒரு நோயை அரசாங்கம் மருந்து தெளித்து ஒழித்ததெனின், மற்றொன்றையும் அவ்வாறே ஒழிக்கலாம் என்று மக்கள் எதிர்பார்த்தனர். அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறாமை ஏன் என்பதை அறிய, டெங்கு உலகிற் பயணஞ் செய்த வழியை முதலில் நோக்குதல் வேண்டும்.

கப்பலேறி வந்த நோய்

1779, 1780 ஆகிய ஆண்டுகளில் பத்தேவியா, கெய்ரோ, பிலடெல்பியா என ஒன்றற்கொன்று மிகத் தொலைவான பட்டினங்களில், மூட்டுகளையும் எலும்புகளையும் வருத்தும் காய்ச்சல் ஒன்று பரவியது. பிலடெல்பியாவில் அதனைக் கண்டு எழுதிய பெஞ்சமின் றஷ் என்னும் வைத்தியர் எலும்பு முறி காய்ச்சல் என்னும் பெயரைக் குறித்தார். டெங்கு என்னும் சொல் கிழக்காபிரிக்கச் சுவாகிலி மொழியிலிருந்து கடல்வழியே மேற்கிந்தியத் தீவுகளை அடைந்து, அங்கே ஸ்பானிய வடிவு பெற்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. நோய் சென்ற வழியே பெயரும் சென்றது போலும்.

ஈடிஸ் எஜிப்தி என்னும் நுளம்பு ஆபிரிக்காவிற் காட்டு மரப்பொந்துகளில் தேங்கிய நீரிற் பிறந்தது. மனிதன் குடங்களில் நீர் சேமிக்கத் தொடங்கியதும் அது காட்டை விட்டு வீட்டை அடைந்தது. அடிமை வணிகக் கப்பல்களின் நீர்ப் பீப்பாய்களில் ஏறி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. பின்னர்த் துறைமுகந்தோறும் இறங்கிற்று. இதன் உடன்பிறப்பு எனத்தக்க ஈடிஸ் அல்போபிக்ரஸ் என்பது ஆசிய நாடுகளுக்கே உரியது. மரஞ்செடிகள் நிறைந்த வளவுகளை விரும்புவது. இலங்கையில் இவ்விரண்டும் உள.

காய்ச்சலை நுளம்பு கொண்டுசெல்லும் என்னும் உண்மை எளிதில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கியூபாவின் கார்லொஸ் பின்லே 1881 இல் மஞ்சட் காய்ச்சலைப் பற்றி இதனைக் கூறியபோது உலகம் புறக்கணித்தது. இருபது ஆண்டுகளின் பின், 1900 இல், வால்ரர் றீட் குழுவினர் சோதனையால் அதனை நிலைநாட்டினர். 1897 இல் றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் மலேரியாவின் மருமத்தை நுளம்பின் வயிற்றிற் கண்டார். 1906 இல் அவுஸ்திரேலியாவின் பான்குறொவ்ற் டெங்குக்கும் ஈடிஸ் நுளம்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். மறுவருடம் பிலிப்பைனில் அஷ்பேண், கிறெய்க் ஆகிய இருவர் இந்நோய்க்குக் காரணம் நுண்வடியினூடும் செல்லும் மிகச் சிறிய கிருமி என்று கண்டனர். இன்று வைரசு எனப்படுவது அதுவே.

இரண்டாம் உலகப் போர் இந்நோயின் வரலாற்றில் ஒரு திருப்பம். படைகளும் பண்டங்களும் ஆசியாவின் துறைமுகங்களிடையே முன்னெப்போதும் இல்லாத விரைவில் நகர்ந்தன. அவற்றோடு நுளம்பின் முட்டைகளும் வைரசு வகைகளும் நகர்ந்தன. 1943 இல் யப்பானிய அறிஞரான ஹொற்ரா, கிமுரா ஆகியோரும், அடுத்த ஆண்டு அமெரிக்கரான அல்பேட் சேபினும் டெங்கு வைரசைப் பிரித்தெடுத்தனர். வைரசு ஒன்றன்று, நான்கு வகைப்படும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. போர் முடிந்து பத்தாண்டு கழியுமுன்னே, 1953, 1954 இல், மணிலாவிற் குழந்தைகளைக் கொல்லும் இரத்தப்போக்குக் காய்ச்சல் ஒன்று தோன்றியது. 1958 இல் பாங்கொக்கில் அது பெருவாரியாயிற்று. நூற்றாண்டுகளாக வருத்தும் நோயாக மட்டும் இருந்த டெங்கு, கொல்லும் நோயாக உருமாறியமை இவ்வாறே.

உருமாற்றத்தின் காரணம் வியப்புக்குரியது. மலேரியாவிற் பலகாற் பட்டவர் ஓரளவு நிர்ப்பீடனம் பெறுவர். 1934 இன் கொள்ளைநோயில், காய்ச்சலுக்குப் பழகிய வரண்ட வலயத்து மக்களைக் காட்டிலும், அதற்குப் பழகாத கேகாலை, குருநாகல் பகுதி மக்களே பெருந்தொகையாய் மாண்டமைக்கு இதுவும் ஒரு காரணம். டெங்கிலோ நிலைமை தலைகீழ். ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவருக்கு அவ்வகையிலிருந்து நெடுங்காலக் காப்பு உண்டு. ஆனால், வேறொரு வகை பின்னர்ப் பற்றுமாயின், முதல் நோயின்போது உடல் ஆக்கிய எதிர்ப்பொருளே புதிய வைரசுக்குத் துணைபோய் நோயைக் கடுமையாக்கிவிடக் கூடும். பாங்கொக்கில் ஆராய்ந்த ஸ்கொற் ஹால்ஸ்ரெட் என்பவர் வெளியிட்ட இக்கருத்து, பிற்கால ஆய்வுகளால் வலுப்பெற்றது. ஒரு பட்டினத்தில் ஒரே வகை வைரசு உள்ளவரை ஆபத்துக் குறைவு. பலநாட்டுப் போக்குவரத்தாற் பல வகைகள் வந்து சேருங்கால் ஆபத்துப் பெருகும். வழிகள் திறந்தமையின் விலை இதுவாயிற்று.

இலங்கையில் நோய் வேரூன்றிய முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே டெங்கை ஒத்த காய்ச்சல் இலங்கையில் அறியப்பட்டிருந்தது. குருதிச் சோதனையால் அது உறுதிசெய்யப்பட்டது 1962 இலேயாம். மறுவருடம் கல்கத்தாவிலும், 1964 இற் சென்னையிலும், டெங்கும் அதனை ஒத்த சிக்குன்குன்யாவும் பரவின. 1965 இல் இலங்கையின் மேற்குக் கரைப் பட்டினங்களிலும் அவ்விரண்டும் தலைகாட்டின. அவ்வாண்டு முதல் 1968 வரை இரத்தப்போக்கு டெங்கு 26 பேரைப் பற்றி அறுவரைக் கொன்றது. நாட்டின் கவனம் அப்போது மீண்டெழுந்த மலேரியாவின் மீது இருந்தமையால் இச்சிறு தொகையை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகள் அமைதியான ஆண்டுகள் போலத் தோன்றின. உண்மையில், 1980 களிற் கொழும்புச் சிறுவரிடையே நான்கு வகை வைரசுகளும் உலவின. திஸ்ஸ விதாரண முதலான வைரசு ஆய்வாளர் இதனைக் கண்டறிந்தனர். ஆயினும் கடுநோய் அரிதாகவே இருந்தது. 1989 இல் நிலைமை திடீரென மாறிற்று. அவ்வாண்டு 203 பேர் நோயுற்று இருபதின்மர் இறந்தனர். மறுவருடம் 1,350 பேர் நோயுற்று 54 பேர் இறந்தனர். 1989 க்கு முன்னும் பின்னும் பெறப்பட்ட வைரசுகளைப் பின்னர் ஒப்புநோக்கிய அறிஞர், மூன்றாம் வகையின் புதியதொரு கிளை பழைய கிளையை அகற்றி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டமையை வெளிப்படுத்தினர். அக்கிளையைச் சார்ந்த வைரசே கிழக்காபிரிக்காவிலும், 1994 இல் மத்திய அமெரிக்காவிலும் தோன்றியது. சிறு தீவொன்றின் காய்ச்சல் உலக வரலாற்றோடு பிணைந்துள்ள வகையை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

1996 இல் டெங்கு கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோய்களுட் சேர்க்கப்பட்டது. அதன்பின் எண்ணிக்கை ஒவ்வோர் அலையிலும் உயர்ந்தது. 2004 இல் நோயுற்றோர் 15,463 பேர்; இறந்தோர் 88 பேர். 2009 இல் 35,000 பேர் நோயுற, 346 பேர் இறந்தனர். 2017 இல் 1,86,101 பேர் நோயுற்றனர். அதுவரை கண்ட அலைகளுள் அதுவே பெரியது. முதலாம் வகையின் புதிய வரவு 2009 அலைக்கும், நெடுநாள் ஒதுங்கியிருந்த இரண்டாம் வகையின் மீள்வரவு 2017 அலைக்கும் காரணமென்பர். 2023 இலும் 88,000 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர்.

எண்ணிக்கை உயர்ந்தமைக்கு வைரசு மட்டும் காரணமன்று. 1977 இன் பின் திறந்த வணிகத்தால் பிளாஸ்ரிக்குப் பொருள்கள் மலிந்தன. பனையோலைப் பட்டையும் மட்பாண்டமும் உடைந்தால் மண்ணோடு மண்ணாகும். யோகட் கோப்பையும் பழைய டயரும் அவ்வாறு மக்குவதில்லை. மழைநீரை ஏந்தி நுளம்பைக் காத்திருக்கும். ஈடிஸ் நுளம்பின் முட்டைகள் நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையிற் பொரித்து, பத்து நாளளவிற் சிறகு பெற்றுப் பறக்கும். கொழும்பின் சேரிகளிலிருந்து மாகாணப் பட்டினங்களுக்குப் பேருந்தேறிய நோய், போன இடமெல்லாம் தனக்கு வேண்டிய தொட்டில் ஆயத்தமாய் இருக்கக் கண்டது.

கல்முனைக் கரையில்

கல்முனைப் பகுதி அம்பாறை மாவட்டத்துள் அடங்கினும், சுகாதார நிருவாகத்தில் அது தனிப் பிராந்தியமாகவே கொள்ளப்படுகின்றது. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையிலே கல்முனை தனி வரியில் நிற்பதைக் காணலாம். உள்நாட்டு வயற்புறத்தின் நோய்நிலை வேறு. நெருங்கிய கரையோரத்தின் நோய்நிலை வேறு. முற்காலத்திலே காட்டுப்பக்கம் காய்ச்சலால் வாடக் கரையோரம் ஓரளவு தப்பியிருந்தது. டெங்கின் காலத்திலோ முறை மாறிற்று. மலேரியாவிற் கரையைக் காத்த அதே நெருக்கமே டெங்கிற் கரையைக் காட்டிக்கொடுத்தது.

கிழக்குக் கரை வடகீழ்ப் பருவக்காற்றால் ஐப்பசி தொடங்கித் தை வரை மழை பெறுவது. ஆதலின் கொழும்பில் ஆனி, ஆடி மாதங்களில் உச்சமடையும் டெங்கு, இக்கரையில் மார்கழி, தை, மாசி மாதங்களிலேயே உச்சமடைகின்றது. கடலோர மணலிலே மழைநீர் விரைவில் வற்றிவிடுமாதலால், நிலத்தில் நீர் தேங்குதல் குறைவு. நுளம்பு பெருகுவது நிலத்திலன்று. வீட்டு வளவிலுள்ள பாண்டங்களிலும், கூரைப் பீலிகளிலும், கைவிட்ட கிணறுகளிலும், கரையிற் கிடக்கும் பழந்தோணிகளிலுமேயாம். ஈடிஸ் நுளம்பு நன்னீரிலன்றிப் பிறவாது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய கரையோரப் பகுதிகளில் ஆராய்ந்த ரஞ்சன் ராமசாமி, சி. நோபிள் சுரேந்திரன் முதலானோர், சிறிது உவர்ப்பேறிய நீரிலும் அது முட்டையிட்டுப் பெருகுவதை 2011 இல் வெளியிட்டனர். கிழக்குக் கரை வாசிகளுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. தம் வளவுக் கிணற்றைப் பற்றிய செய்தி.

2004 மார்கழி 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் எம்மாவட்டத்திலும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. கிணறுகள் உவர்ப்பேறின. நீர் பவுசர் வண்டிகளில் வந்தது. மக்கள் அதனைத் தாங்கிகளிலும் வாளிகளிலும் பீப்பாய்களிலும் சேமித்தனர். நெருக்கமான தற்காலிகக் குடில்களிற் பலர் ஆண்டுக்கணக்காய் வாழ்ந்தனர்.

அந்நிலையிலே, கென்யாவின் கரையில் 2004 இற் தோன்றிய சிக்குன்குன்யா, இந்து சமுத்திரத் தீவுகளையும் இந்தியாவையும் கடந்து 2006 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையை அடைந்தது. அது முதலிற் பரவிய இடங்களுள் யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றோடு கல்முனையும் ஒன்று. நாடெங்கும் பல்லாயிரவர் மூட்டுவலியால் எழுந்து நடக்க இயலாமற் கிடந்தனர். சிக்குன்குன்யா கொல்வது அரிது; எனினும் அதனைச் சுமப்பதும் இதே ஈடிஸ் நுளம்பே. ஒரு நுளம்பு ஒரு நோயை இத்துணை விரைவில் ஊரெங்கும் பரப்பக்கூடுமெனின், அதே வழியால் மற்றொன்றும் வரும் என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும். அவ்வாண்டின் காய்ச்சல் ஓர் எச்சரிக்கையாய் அமைந்தது. எச்சரிக்கையாக அதனைக் கொண்டோர் சிலரே.

2009 இற் போர் முடிந்தபின் கிழக்கின் வீதிகளும் பாலங்களும் புதுப்பிக்கப்பட்டன. கொழும்பிலிருந்து வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாகக் கல்முனையைத் தொட்டு மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு பகலாய் வண்டிகள் ஓடின. இது மக்கள் நெடுநாள் வேண்டிநின்ற நன்மையேயாகும். ஆயினும் மாலையிற் கொழும்பில் வண்டியேறி விடியற்காலையிற் கல்முனையில் இறங்கும் ஒருவரின் குருதியில் எந்த வகை வைரசு உள்ளதென்று எவரும் அறியார். பெரிய வீதியின் இருபுறமும் கடைகளும், அவற்றின் பின்னே மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளும் நெருங்கிய பட்டினத்தில், அவ்வொருவரே போதும்.

2017 இன் தொடக்கத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவிற் டெங்கு கடுமையாய்ப் பரவி உயிர்களைக் கவர்ந்தபோது, பாடசாலைகள் மூடப்பட்டன. வளவுதோறும் துப்புரவுப் பணி நடந்தது. கல்முனைப் பகுதியின் வைத்தியசாலைகளிலும் அவ்வாண்டு நோயாளர் பெருகினர். கிண்ணியாவும் கல்முனைக் கரையும் ஒரே தன்மையின. இரண்டும் நீரருகே நெருங்கி அமைந்தவை. இரண்டும் போரையும் ஆழிப்பேரலையையும் கண்டவை. இரண்டிலும் வீடுகள் பெருகிய விரைவில் வடிகாலும் கழிவகற்றலும் பெருகவில்லை.

இரு நோய்கள், இரு வழிகள்

மலேரியாவை வென்ற முறையால் டெங்கை வெல்ல இயலாமையின் காரணம் இப்போது தெளிவாகும். மலேரியா நுளம்பு இரவிற் கடித்துச் சுவரில் அமரும். சுவரிற் பூசிய மருந்து அதனைக் கொல்லும். அரசாங்க ஊழியர் ஆண்டிற்குச் சில தடவை வந்து சென்றாலே அப்பணி முடியும். வீட்டார் கதவைத் திறந்துவிட்டாற் போதும். ஈடிஸ் நுளம்போ பகலிற் கடிப்பது; தொங்கும் ஆடையின் மறைவிலும் கட்டிலின் அடியிலும் ஒதுங்குவது. புகையடித்தல் பறக்கும் நுளம்பைச் சில மணி நேரம் அடக்குமேயன்றி, பூச்சாடியின் அடித்தட்டிலுள்ள குடம்பியைத் தொடாது. கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வீட்டார் தாமே வாரந்தோறும் தேடிக் கவிழ்த்தல் வேண்டும். ஒரு வாரம் தவறின் ஒரு தலைமுறை நுளம்பு பறந்துவிடும்.

சட்டமும் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டது. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், தம் வளவில் நுளம்பு பெருக இடங்கொடுப்போரைத் தண்டிக்க வழிசெய்கின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடுவீடாய்ச் செல்கின்றனர். ஆனால் ஆயிரம் வளவுகளுக்கு ஒரு பரிசோதகரின் கண்கள் எவ்வாறு போதும்? தண்டத்துக்கு அஞ்சித் துப்புரவாக்கிய வளவு அடுத்த மழைக்குள் பழைய நிலையை அடைந்துவிடும்.

வைத்தியத் துறையிற் பெற்ற வெற்றி இதனினும் பெரிது. 1989 இல் நோயுற்றதாகக் கணித்த நூற்றுவருட் பதின்மர் இறந்தனர். 1990 இல் நூற்றுக்கு நால்வர். 2009 இல் ஒருவர். அதன்பின் அவ்விகிதம் மேலும் பன்மடங்கு குறைந்தது. இலங்கை வைத்தியர் தாய்லாந்தின் அனுபவத்தைக் கற்று, குருதியிலிருந்து நீர்ப்பகுதி கசியும் வேளையைக் கணித்து, அளவறிந்து நீரூட்டும் முறையை நாடெங்கும் வகுத்தமையே இதற்குக் காரணம். டெங்குக்கென வைரசைக் கொல்லும் மருந்து ஏதும் வழக்கில் வராதிருக்கவும் இவ்வளவு உயிர்கள் காக்கப்பட்டமை பெருமைக்குரியது.

எனினும் வைத்தியரின் திறமை, நோயாளி வேளைக்கு வந்து சேர்ந்தாலன்றிப் பயன்படாது. டெங்கின் கொடுமை அதன் வஞ்சகத்தில் உள்ளது. மூன்று நான்கு நாள் எரித்த காய்ச்சல் தணிகின்றது. 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று தாய் மனம் ஆறுகின்றாள். அந்நாளிலேயே ஆபத்துத் தொடங்குகின்றது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு, சிறுநீர் குறைதல் என்பன தோன்றின் ஒரு மணி நேரமும் தாழ்க்கலாகாது. அஸ்பிரின் முதலிய மருந்துகள் இரத்தப்போக்கை மிகுவிக்கும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டில் வைத்திருந்தமையால் வேளை தப்பும். காட்டுக் காய்ச்சலுக்கு முன்னோர் கற்ற பாடம், காய்ச்சல் விட்டால் ஆபத்து நீங்கிற்று என்பது. டெங்கின் காலத்தில் அப்பழம்பாடமே உயிர்க்கு உலையாகின்றது.

அயலாரின் மதில்

ஈடிஸ் நுளம்பு தான் பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றருக்கு அப்பாற் பறப்பதில்லை. கல்முனைக் கரையோரத்தில் அத்தூரத்துக்குள் எத்தனை வளவுகள் அடங்கும்! அவ்வட்டத்துள் ஒருவர் மட்டும் துப்புரவாயிருத்தலாற் பயனில்லை. ஒருவரின் அசட்டை அயலவரின் குழந்தையைக் கொல்லும். நிருவாக எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எத்தெருவில் எம்மதத்தார் வாழ்கின்றனர் என்பனவற்றையெல்லாம் நுளம்பு அறியாது. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும், ஒரே மாரியில், ஒரே நுளம்பினத்தாற் கடியுண்ட குழந்தைகளே கட்டில்களிற் கிடக்கின்றன.

நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் ஆராய்ந்து தணிக்குமாறு வைத்தியனுக்கு வள்ளுவர் விதித்தார். டெங்கின் மூலம் வைத்தியசாலையில் இல்லை, காட்டிலும் இல்லை. கோடியிலே கிடக்கும் சிரட்டையிலும், இளநீர்க் கோம்பையிலும், மூடாத நீர்த்தாங்கியிலும் அது உள்ளது. வைசூரியை அம்மைப்பால் வென்றது. மலேரியாவை மருந்து தெளித்த அரசாங்கம் வென்றது. டெங்குக்கோ தடுப்பூசிகள் ஆராயப்பட்டு, சில நாடுகளில் வழக்கிலும் வந்துள்ளன. எனினும் வளவைக் கவனியாத ஊரை அவை மட்டும் காத்துவிடும் என்பதற்கில்லை.

மலேரியாவின் வரலாறு மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. பதினேழு பேராய்க் குறைந்த நோய் ஆறாண்டுள் ஐந்து இலட்சமாய்ப் பெருகியது, மனிதர் ஓய்ந்தமையால். மாரி முடிந்து நோயாளர் தொகை குறையும் பங்குனியில் ஊர் ஓய்ந்துவிடுகின்றது. உலர்ந்த பாண்டத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் ஐப்பசி மழைக்காகக் காத்துக் கிடக்கின்றன. அக்கோடை மாதங்களில், மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள இரு வீட்டாரும் ஒரே நாளிற் தம் வளவுகளைத் தேடிப் பார்ப்பாராயின், அடுத்த மாரியில் வைத்தியசாலைக் கட்டில்களிற் சில வெறுமையாய் இருக்கும். கல்முனைக் கரையின் காய்ச்சல் வரலாற்றில் இனி எழுதப்படவேண்டிய பகுதி அவ்வீட்டாரின் கையிலேயே உள்ளது.